எண்களின் கீழ் உறங்குவோர்

நியூயார்க் மாநிலத்துச் செனகா ஏரிக்கரையில் 1869-இல் திறக்கப்பட்ட வில்லார்ட் மனநோய் மருத்துவமனை 1995-இல் மூடப்பட்டது. அப்போது அதன் பரணில் நானூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. அவற்றை விட்டுச் சென்றோரில் சிலரது வாழ்வை டார்பி பென்னியும் பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் 2008-இல் நூலாக்கினர்.

பெட்டிகளைப் பேசவிடும் பக்கங்களில் நாம் நெகிழ்ந்து போகிறோம். கடிதங்கள், நிழற்படங்கள், மடித்து வைத்த உடைகள்! ஆனால் மருத்துவர்களைச் சாடும் இடங்களில் நூல் தடம் புரள்கிறது. மருத்துவக் குறிப்பின் ஓரிரு வரிகளால் மனிதரை அளந்தது பிழையென்றால், பெட்டியைக் கொண்டு அளப்பது மட்டும் சரியாகுமோ? இதை நாம் ஒப்புவதற்கில்லை.

நெஞ்சில் தைப்பது அடக்கத்தலம். ஏறத்தாழ 5,800 பேர் அங்கே புதைக்கப்பட்டனர். பெயர் பொறிக்கவில்லை, எண் பொறித்த இரும்புத் தகடுகளே நட்டனர். புல் வெட்ட இடைஞ்சலென்று அவற்றிலும் பலவற்றைப் பின்னாளில் பிடுங்கிவிட்டனர். பல்லாண்டுகள் குழி தோண்டியவரும் ஒரு நோயாளியே. அவரும் அங்கேயே அடங்கினார்.

இவ்வளவும் சொல்லும் நூலிலும் அவர்களுடைய குடும்பப் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. நோயாளியின் அந்தரங்கம் காக்கும் சட்டம் குறுக்கே நின்றதாம். உயிரோடிருந்தபோது பறித்த மானத்தை மண்ணுக்குள் போனபின் காப்பது யாருடைய நலனுக்காக? ஆசிரியர்கள் இவ்விடத்தில் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்பதே நம் குறை. குழி தோண்டிய அம்மனிதரின் மெய்யான பெயர் 2015-இல்தான் அங்கே நினைவுப் பலகையில் ஏறியது.