வற்றலில் மிஞ்சுவது எது?

புதுச்சேரி மூலக்குளத்தில் இன்னும் காலி மனைகள் உண்டு. மழை விட்டதும் மணத்தக்காளி அங்கே தானாகவே முளைக்கும். அதைப் பறித்து வற்றல் போடும் வீடுகளும் மிச்சமிருக்கின்றன. வெயிலில் காய்ந்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பார் ஒருவர். பாட்டி காலத்து முறையில் மருந்து அப்படியே நிற்கும் என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மைதான்.

முறையை நெருங்கிப் பார்த்தால் அதன் நுட்பம் தெரியும். காம்பு ஆய்ந்த காயைக் கல்லுப்பு கரைத்த புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைக்கிறார்கள். காலையில் பிழியாமல் அள்ளி மாடியில் பரப்புகிறார்கள். சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுகிறார்கள். மோர் முழுவதையும் காய் குடித்துத் தீர்க்கும்வரை இது நடக்கும். சுண்டைக்காயாக இருந்தால் முதலில் லேசாகத் தட்டிக்கொள்வார்கள். தொழிற்சாலைகளில் காயை வெந்நீரில் முக்கி எடுத்துவிட்டு உலர்த்துவதுண்டு. நீரில் கரையும் வைட்டமின்களிலும் தாதுக்களிலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு வடிந்துபோகும். இங்கே மோரில் இறங்கியது மோரோடு காய்க்கே திரும்புகிறது. மோரின் புளிப்பு, பழத்தின் கருநீல நிறமியான ஆந்தோசயனினுக்கும் ஓரளவு காவல்; உப்போடு சேர்ந்து பூஞ்சையையும் தடுக்கிறது. மின்சாரம் தேவையில்லாத இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் வைட்டமின் சி-யை இந்த முறை காப்பாற்றாது. வெளிச்சம், காற்று, சூடு மூன்றும் நாள்கணக்கில் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. இரும்பும் சுண்ணாம்பும் நார்ச்சத்தும் எங்கும் போவதில்லை. தண்ணீர் வற்றுவதால் 100 கிராமுக்கான கணக்கில் அவை கூடியதுபோலவே தெரியும். ஆனால் தட்டில் விழுவது ஒரு கரண்டி வற்றல்தான். பச்சைக்காயில் உள்ள சோலனைன் போன்ற கசப்பு நச்சுகளும் உலர்த்துவதால் அழிவதில்லை. பழுத்தால்தான் அவை குறையும். அதனால் கறுத்துப் பழுத்ததைப் பச்சையாகத் தின்னலாம். பச்சைக்காயைக் குழந்தைகள் கொறிக்க விடக்கூடாது.

மருந்துக்கான இலைகளை நிழலில் உலர்த்தச் சொல்வது சித்த மருத்துவ வழக்கம். வெளிச்சம் பட்டுக் கெடும் பொருள்களுக்கு அது சரியான யோசனை. சாறுள்ள காய்க்கு, அதுவும் கடலோர ஈரக்காற்றில், அது ஒத்துவராது, காய்வதற்குள் பூத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் புதுச்சேரி மாடிகளில் வெயில்முறையே தடுமாறுகிறது. பூஞ்சை பிடித்த வற்றலில் அஃப்ளாடாக்சின் உண்டாகலாம்; வறுத்தாலும் அது முழுதாக அழியாது. துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, கொட்டிவிட வேண்டும்.

50 முதல் 60 டிகிரி வெப்பக்காற்றில் உலர்த்தும் கருவி வெளிச்சத்தைத் தவிர்க்கிறது, நாள்களை மணிகளாகச் சுருக்குகிறது. உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் நிறமும் வைட்டமினும் இன்னும் நன்றாக நிற்கும். செலவோ பல மடங்கு. அப்படிக் காத்த வற்றலையும் நாம் கொண்டுபோய்க் கொதிக்கும் எண்ணெயில்தானே போடப்போகிறோம்? உலர்த்தும் முறையைப் பற்றிய வாதங்களில் அந்த வாணலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாடியில் தப்பியதில் ஒரு பங்கு அங்கே கருகுகிறது.

அதைவிடப் பெரிய குறை உப்பு. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பில் ஊறிய வற்றலை, உப்புப் போட்ட வத்தக்குழம்பில் சேர்த்து, அப்பளத்தோடு சாப்பிட்டால் அந்த அளவில் பெரும்பங்கு ஒரே வேளையில் தீர்ந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ளவரிடம் இதை மருந்து என்று சொல்லிக் கொடுப்பது தவறு.

வற்றலைக் கைவிடச் சொல்லவில்லை. புளித்த மோர் இருக்கட்டும், உப்பைப் பாதியாக்குங்கள். உப்புக் குறைந்தால் பூஞ்சைக்கு இடம் கிடைக்கும் என்பதால் கோடை வெயிலில் மட்டும் போடுங்கள், கலகலவென்று சத்தம் கேட்கும்வரை காயவிடுங்கள். சாலைப் புழுதி படாமல் மெல்லிய வேட்டியால் மூடுங்கள். பொரிப்பதற்குப் பதில் சில சொட்டு நல்லெண்ணெயில் சிறுதீயில் புரட்டுங்கள். கடையில் வாங்குபவர்கள் பாக்கெட்டின் பின்புறம் சோடியத்தின் அளவைப் பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.