பதுங்கினால் பிழைப்பில்லை

‘டூம்’ என்ற துப்பாக்கி வீடியோ கேம் திரும்பி வருகிறது என்றதும் சந்தோஷப்பட்டவர்களைவிடக் கவலைப்பட்டவர்களே அதிகம். 2008-ல் அறிவித்த ‘டூம் 4’-ஐ அதை உருவாக்கிய இட் சாப்ட்வேர் நிறுவனம் பாதியில் குப்பையில் போட்டது. ‘கால் ஆஃப் டூட்டி’ என்ற போர் ஆட்டத்தின் சாயல் தூக்கலாக இருந்ததால் அதற்குக் ‘கால் ஆஃப் டூம்’ என்ற கேலிப் பெயரே விழுந்தது. 2016 மே 13-ல் வெளியான இந்த ‘டூம்’ ஆட்டத்தையும் விமர்சகர்களின் கையில் முன்கூட்டிக் கொடுக்கவில்லை. மூடி மறைத்தால் சரக்கில் கோளாறு என்றுதானே தோன்றும்?

ஆடத் தொடங்கியதும் அந்தச் சந்தேகம் போய்விடுகிறது. கல் பெட்டியில் விலங்கிட்டுக் கிடக்கும் நாயகன், விலங்கை அறுத்து, மேலே விழும் பிசாசின் மண்டையை அங்கேயே நசுக்கி, கைத்துப்பாக்கியை எடுக்கிறான். திரை ஒன்றில் ஒரு குரல் நிதானமாக விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறது. திரையையே பிடித்துத் தள்ளிவிடுகிறான். கதை கேட்க நாம் வரவில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் இந்த ஆட்டத்தின் மூளை வேறிடத்தில் இருக்கிறது. 2001-ல் ‘ஹேலோ’, 2005-ல் ‘கால் ஆஃப் டூட்டி 2’ வந்தபின் துப்பாக்கி ஆட்டங்களில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது: அடிபட்டால் சுவருக்குப் பின்னால் ஒளி, சற்று நேரத்தில் உடம்பு தானாகத் தேறிவிடும். இங்கே அது செல்லாது. ஒளிந்தால் ஹெல்த் ஏறாது. தீக்குண்டு வீசும் ‘இம்ப்’ பிசாசு தேடிக்கொண்டு வரும். குற்றுயிராகித் தள்ளாடும் பிசாசின் உடல் மின்னும். அதை நெருங்கிக் கையாலேயே கிழித்துக் கொன்றால் அதிலிருந்து நமக்கான ஹெல்த் உதிரும். செயின்சாவால் அறுத்தால் தோட்டாக்கள் கொட்டும். கபடியில் புள்ளி எதிராளியின் களத்தில்தானே கிடக்கிறது, அதே கணக்கு.

இருபது ஹெல்த் மிச்சமிருக்கும்போது கால் பின்னால்தான் போகப் பார்க்கும். அந்த நொடியில் முன்னால் பாயப் பழகியவன் பிழைக்கிறான். பழக்க தோஷத்தில் விரல் ரீலோட் பட்டனையும் தேடுகிறது, அப்படியொன்று கிடையாது. எடுத்த துப்பாக்கிகள் எல்லாமே எப்போதும் கூடவே வரும். நின்று மூச்சு விடுவதற்கான சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார்கள். 2004-ன் ‘டூம் 3’-ல் டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாமல் இருட்டில் தடவியவர்களுக்கு இந்த வேகம் விடுதலை. மிக் கார்டனின் இசை வேறு, சண்டை சூடேறச் சூடேற மேலே ஏறி, ரத்தக் கொதிப்பைக் கூட்டுகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டி ஆடுவது உத்தமம்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே நுழைந்தால் கதவு பூட்டிக்கொள்ளும், எல்லாப் பிசாசும் செத்தால்தான் திறக்கும் என்ற ஒரே ஏற்பாடு சில லெவல்களிலேயே பிடிபட்டுவிடுகிறது. கையால் கிழிக்கும் காட்சிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. பலர் சேர்ந்து ஆடும் பகுதி இன்னும் சுமார். அங்கே கையில் இரண்டே துப்பாக்கிதான். தனியாட்டத்தில் தூக்கி எறிந்த வழக்கத்தை அங்கே எதற்கு மறுபடி பொறுக்கிக்கொண்டார்களோ!

வாங்குகிறவர்கள் தனியாட்டத்துக்காக வாங்கலாம். மிக எளிய நிலையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். தூர நின்று சுட்டே தப்பிக்கும் சோம்பல் அதில் ஒட்டிக்கொள்ளும்.