நைஸ்

பாராட்டாக நாம் சொல்லும் 'நைஸ்' பிறந்தபோது வசவுச் சொல். 'அறியாதவன்' என்ற பொருளுள்ள 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல்தான் அதன் மூலம். அதன் உள்ளே இருக்கும் 'அறி' என்ற பொருளுள்ள வேரிலிருந்துதான் சயின்ஸும் வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்துக்குள் நுழைந்தபோது நைஸ் என்றால் முட்டாள்.

அதன்பின் அது நடந்த வழி எனக்குப் பெரும் வியப்பு. முட்டாள்தனம் ஆடம்பரமாகி, ஆடம்பரம் அளவுமீறிய நாசூக்காகி, நாசூக்கு 16ஆம் நூற்றாண்டில் நுட்பமாக மாறியது. மயிரிழை வேறுபாட்டையும் பிரித்தறிவது நைஸ். அறியாமையில் தொடங்கிய சொல் கூர்மையான அறிவுக்கே பெயராகிவிட்டது! இந்த இடத்தில்தான் அது மிக அழகாக இருந்தது என்பேன்.

'இனிமையான' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் பரவி, மற்றவற்றை ஓரங்கட்டியது. 1817 இறுதியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபே' நாவலில், எதற்கெடுத்தாலும் நைஸ் என்று சொல்வதை ஹென்றி டில்னி கேத்தரினிடம் கேலி செய்வான். அவன் வருத்தம் நியாயமானதுதான்.

தமிழில் அது இன்னும் கூர்மையாகவே வாழ்கிறது. இட்லிக்கு உளுந்தை நைஸாகவும் அரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாகவும் அரைக்கச் சொல்கிறோம். வேலை வந்ததும் நைஸாக நழுவுகிறவரையும் நமக்குத் தெரியும்.