கொலைக்களக் காதையில் ஒரு விற்பனை

சிலப்பதிகாரத்தை அதிகாரத்தைத் தட்டிக்கேட்கும் காப்பியம் என்றே நாம் கற்பித்து வருகின்றோம். கண்ணகியின் வழக்குரை நம் விளக்கத்தின் உச்சமாகிவிடுகிறது. அதற்கு முன் நிகழும் விற்பனையை விரைந்து கடந்துவிடுகின்றோம்.

கொலைக்களக் காதையைச் சற்று நின்று படித்தல் வேண்டும். கோவலன் மதுரைக் கடைவீதிக்குச் சென்றது வாங்குவதற்கு அன்று, விற்பதற்கு. அவன் அயலூரான். அவன் அணுகிய பொற்கொல்லனோ சிலம்பின் தகுதியை உரைப்பவன். அரண்மனைக்குச் செல்லும் வழியும் அவனே. கோப்பெருந்தேவியின் சிலம்பை முன்பே கவர்ந்தவனாதலின் அவ்விற்பனையில் தன்னலம் உடையவன். அரசன்முன் குற்றஞ்சாட்டுபவனும் அவனே. பாண்டியன் ஆராயாது ஆணையிட்டது பெரும்பிழை. எனினும் இத்தனை நிலைகளும் ஒருவனிடம் குவிந்திருந்தமையே அப்பிழைக்கு வழிவகுத்தது என்பது நம் கருத்து.

சினம் எங்குச் சென்று முடிந்தது? மதுரை எரிந்தது. பின்னர், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்கிறது உரைபெறு கட்டுரை. (வகுப்பில் இவ்விடத்தை நாம் மெல்லத் தாண்டிவிடுவது உண்டு.) ஒருவன் வஞ்சத்திற்குத் தொழிற்குலமே பலியாயிற்று, விற்க வருவோனுக்கு எந்தப் புதிய காப்பும் பிறந்ததாகச் செய்தியில்லை. மேல்தட்டினர்மீதான வெறுப்பை மூலதனமாக்கும் அரசியல் இன்றும் இவ்வாறே ஆள்களைத் தேடுகிறது, அமைப்பைத் தொடுவதில்லை.

ஜொகூர் பாரு, ஜாலான் உங்கு புவானில் பலகாரம் விற்கும் ஒருவர் இணையச் சந்தையில் கடைதிறப்பாராயின் அவரும் கோவலன் நிலையிலேயே நிற்கின்றார். பொருளை வரிசைப்படுத்துவதும் தரகு பெறுவதும் வழக்குத் தீர்ப்பதும் சந்தை நடத்தும் நிறுவனமே. சிலவேளை போட்டி விற்பனையாளரும் அதுவே. மலேசியச் சட்டம் இவரை எவ்வாறு காண்கிறது? பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 2012ஆம் ஆண்டு மின்வணிக விதிமுறைகள், விற்பவர் தம் பெயரையும் விலையையும் வெளியிட வேண்டும் என்றன; சந்தை நடத்துவோர் விற்பவர் விவரங்களை 2 ஆண்டுகள் பேண வேண்டும் என்றன. 2024இல் புதிய விதிமுறைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. இவை வாங்குவோரை நோக்கியவை. விற்பவருக்கு எஞ்சுவது பெரிதும் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமே. அதிலும் அந்நிறுவனம் சந்தையில் மேலாதிக்கம் உடையது என்பது முதலில் நிறுவப்பட வேண்டும்.

இந்தியா வேறு வழியை முயன்றது. அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தை, தான் பங்கு வைத்துள்ள விற்பனை நிறுவனத்தின் பொருளைத் தன் தளத்தில் விற்கலாகாது என 2019 பிப்ரவரி முதல் விதித்தது. குறைகள் கூறப்பட்ட விதிதான். ஆயினும் பொற்கொல்லன் கையிலிருந்து துலாக்கோலை வாங்கிவைக்கும் எண்ணம் அதில் உண்டு.