மாநாட்டு உரையும் கட்சிக் கண்ணாடிகளும்

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்னும் பழமொழி நம் அரசியல் மேடைகளில் அலுக்காமல் எடுத்தாளப்படுவது. அக்கொடியின் பெயரையே தாங்கிய ஊர் ஒன்று மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல்களின் நடுவே இருக்கிறது. 2008 மே மாதத்தில் போர் அவ்வூரைக் கடந்து சென்றது. ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, வன்னியின் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009இன் பேரழிவையும் கண்டு, பிறகே திரும்பின. ஒற்றுமையின் மிடுக்கைப் பேசும் எந்த உரையையும் இத்தகைய ஊரில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே நியாயமான விமர்சன முறை என்று கருதுகிறோம்.

2012 மே 27ஆம் நாள் மட்டக்களப்பில் நடைபெற்ற இலங்கைத் தமிழரசுக் கட்சியின் 14ஆவது தேசிய மாநாட்டில் அதன் தலைவர் இரா. சம்பந்தன் ஆற்றிய உரை அவ்வாறு நிறுக்கப்பட வேண்டிய ஒன்று. ஒற்றையாட்சிக்கு அப்பாற்பட்ட ஓர் அமைப்பில், ஆனால் ஒன்றுபட்ட இலங்கைக்குள், தமிழ் மக்கள் சுயமரியாதையோடு வாழ்வதற்கான ஆட்சி அதிகாரங்களை அவர் அதில் கோரினார். சில விடயங்களில் தாம் காட்டும் மென்மை இராஜதந்திர உத்தியே; அடிப்படை நோக்கங்கள் கைவிடப்படவில்லை என்றார். ஒன்றுபட்ட நாட்டுக்குள் அதிகாரத்தைப் பகிர அரசு முன்வராது என்பதைச் சர்வதேச சமூகம் தன் அனுபவத்தாலேயே உணரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றும் கூறினார்.

உரை வெளிவந்ததும் எழுந்த கூச்சலை நோக்கினால் விந்தையான ஓர் உண்மை புலப்படுகிறது: தீர்ப்புகள் உரைக்கு முன்பே எழுதப்பட்டிருந்தன. தென்னிலங்கையின் இனவாத அணிகள் 'பொறுத்திருத்தல்' என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு, இதோ பிரிவினை என்று முழங்கின. 'ஒன்றுபட்ட இலங்கை' என்ற சொற்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. கட்சி ஆதரவாளர்கள் அதே பகுதியைக் கேட்டு, தலைவர் பழைய வீறோடு எழுந்துவிட்டார் என்று மகிழ்ந்தனர். அவ்வீறு எந்த வேலைத்திட்டத்தைத் தாங்கி நிற்கிறது என்று கேட்கவில்லை. கூட்டமைப்பை எதிர்த்த தமிழ்த் தேசியவாதிகளுக்கோ 'ஒன்றுபட்ட' என்ற சொல் ஒன்றே சரணாகதிக்குப் போதிய சான்றாயிற்று. அதே மே மாதத்தின் முதல் நாளில், யாழ்ப்பாணத்தில் நடந்த எதிர்க்கட்சிகளின் மேதினக் கூட்டத்தில் சிங்கக் கொடியை ஏந்தியதற்காக அவர் கடுமையாக வசைபாடப்பட்டிருந்தார். ஒரே மாதத்துக்குள் ஒருவர் துரோகியாகவும் பிரிவினைவாதியாகவும் ஆக முடிந்தது என்றால், கோளாறு மனிதரிடம் மட்டும் இருந்திருக்க முடியாது.

நம் முற்போக்கு நண்பர்கள் சிலரும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர். 'முதலாளித்துவத் தேசியத்தின் மேடை முழக்கம்' என்று ஒரே வரியில் கணக்கை முடிப்பவர்கள் தங்கள் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். தமிழ் மக்களின் சுயநிர்ணய உரிமையை 1944இலேயே இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி ஏற்றது. 1956இல் இருமொழிச் சமத்துவத்துக்காக இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் துணிவோடு வாதாடினர். ஆனால் 1972இன் குடியரசு யாப்பு ஒற்றையாட்சியையும் சிங்கள மொழியின் தனி நிலையையும் உறுதி செய்தபோது, அதனை வரையும் பொறுப்பில் இருந்தவர் 1956இல் அவ்வாறு வாதாடியவருள் முதன்மையானவரான கொல்வின் ஆர். டி சில்வாவே. நான்கு ஆண்டுகள் கழித்து வட்டுக்கோட்டைத் தீர்மானம் பிறந்தது. தமிழ் உழைப்பாளி தேசியவாத மேடையை நாடிப் போனான் என்று குறை சொல்பவர்கள், தங்கள் மேடை அவனுக்கு ஏன் வெறுமையாகத் தோன்றியது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

இனி உரையையே எடுத்துக்கொள்வோம். 'ஒற்றையாட்சி' வேறு, 'ஒன்றுபட்ட நாடு' வேறு. இவ்வேறுபாட்டை உரை தெளிவாகவே காத்தது. பிற்காலத்தில் சட்டமும் இவ்வழியே நின்றது. தமிழரசுக் கட்சி பிரிவினையை நோக்கமாகக் கொண்டது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரையில் பிரிவினையைக் கண்டவர்கள் இல்லாததைக் கண்டார்கள் என்பது நம் முடிவு. ஆயினும், மென்மை வெறும் உத்தி என்று மேடையிலேயே அறிவித்தது விவேகமன்று. அவ்வறிவிப்பு மண்டபத்தில் கைதட்டலை ஈட்டியது. அதே வேளையில், நல்லெண்ணமுள்ள சிங்கள மக்களின் உள்ளத்திலும் ஐயத்துக்கு இடம் தந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. அவ்வுரையின் அரசியல் நாடகத்தில் அரசு மறுக்கிறது, உலகம் உணர்கிறது, மக்கள் காத்திருக்கிறார்கள். மக்களுக்கு அளிக்கப்பட்ட பாத்திரம் பொறுமை ஒன்றே. அரசு தராது என்ற கணிப்பைப் பின்வந்த ஆண்டுகள் பொய்யாக்கவில்லை: 2016இல் தொடங்கிய யாப்புச் சீர்திருத்த முயற்சி இடைக்கால அறிக்கையோடு தேங்கிற்று, தானே இணை அனுசரணை வழங்கிய ஐ.நா. மனித உரிமைப் பேரவைத் தீர்மானத்திலிருந்து 2020இல் இலங்கை அரசு விலகிற்று. ஆனால் உலகம் உணர்ந்து செயற்படும் என்ற நம்பிக்கையையும் அவ்வாண்டுகள் மெய்ப்பிக்கவில்லை. 2024இல் சம்பந்தன் மறைந்தபோது காத்திருப்பு முடிந்திருக்கவில்லை. வயலை இழந்தவன், கடலில் வலையை இழந்தவன், மகனைத் தேடும் தாய் ஆகியோர் காத்திருப்பதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதற்கு அந்த வீறு வழிகாட்டவில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் விவசாயியும் தமிழ் விவசாயியும் ஒரே வரம்பில் எப்படிச் சேர்ந்து நிற்பது என்பதே மன்னாரில் 'திரளுதல்' என்ற சொல்லின் முதற் பொருள்.

மன்னாரிலிருந்தே எழுந்த மற்றொரு குரலை இங்கு ஒப்பு நோக்குதல் தகும். 2011 சனவரியில் ஆயர் இராயப்பு ஜோசப் நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் சென்றார். வன்னியின் மக்கள்தொகை பற்றிய அரச அதிகாரிகளின் கணக்கு 4,29,059; அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380; எஞ்சிய 1,46,679 பேர் எங்கே? அதில் வீறில்லை, வசையில்லை. ஒரு கழித்தல் கணக்கு மட்டுமே இருந்தது. அரசின் எண்களையே அரசின்முன் வைத்த அக்கேள்வியைக் கட்சிக் கண்ணாடி எதனாலும் திரித்துப் படிக்க இயலவில்லை. அதற்கு இன்றுவரை நிறைவான விடையும் வரவில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் வாசகர்கள் இனியும் பல மாநாட்டு உரைகளைக் கேட்பார்கள். யார் பேசினார் என்பதற்கு முன் என்ன பேசப்பட்டது என்று முழுமையாகப் படியுங்கள். எதிரி வெகுண்டான் என்பதற்காக ஓர் உரை நல்லதாகிவிடாது. நம்மவர் கைதட்டினர் என்பதற்காக அது தீயதாகியும் விடாது. அடம்பன் வயலில் நிற்பவன் நாளைக் காலை யாரோடு சேர்ந்து, எதைக் கேட்டு, எவ்வாறு எழ வேண்டும் என்று அது சொல்கிறதா? இக்கேள்விக்கு விடை தரும் உரையே மக்களின் உரை. கொடி தானாகத் திரள்வதில்லை.