படச்சுருள் முதல் இணையக் காணொளி வரை: ஆவணப்படமும் அதன் அவையும்

முன்னுரை

கலைப்படைப்பை ஆராய்வோர் படைப்பையும் படைப்பாளியையும் நோக்கும் அளவிற்கு, அப்படைப்பு சென்றடையும் அவையை நோக்குவதில்லை. தமிழ் மரபோ அவைக்குத் தனியிடம் அளித்துள்ளது. திருக்குறள் அவையறிதல், அவையஞ்சாமை என இரு அதிகாரங்களை வகுத்துள்ளது. பிற்காலக் காப்பியங்களும் புராணங்களும் அவையடக்கம் கூறும் வழக்கமுடையன. சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலான உறவு நூலின் புறத்தே நிற்பதன்று. அதன் அமைப்பிலேயே இடம்பெறுவது என்னும் தெளிவு இவற்றில் உள்ளது. இந்நோக்கில், படச்சுருளில் தொடங்கி இணையவழிக் காணொளிப் பகிர்வை எட்டியுள்ள ஆவணப்படத்தின் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. துப்புரவுப் பணியாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட அமுதன் ஆர்.பி.யின் 'பீ' (2003), திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆகிய இரு தமிழ் ஆவணப்படங்கள் இதன் முதன்மைச் சான்றுகளாகும்.

படச்சுருளும் அரசும்

ஆயிரம் அடி நீளமுள்ள 35 மி.மீ. சுருள் ஏறத்தாழ 11 நிமிடங்களே ஓடும். 16 மி.மீ. சுருளில் 400 அடிக்கு அதே கால அளவு கிடைக்கும். சுருளை வாங்கவும் கழுவவும் படி எடுக்கவும் பெரும்பொருள் தேவைப்பட்டது. ஆகவே படச்சுருள் காலத்தில் ஆவணப்படம் எடுப்பது பெரும்பாலும் அரசின் பணியாகவே இருந்தது. 1948இல் நிறுவப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த செய்திப்படங்களும் குறும்படங்களும் கொட்டகைகளில் முதன்மைப் படத்திற்கு முன் கட்டாயமாகக் காட்டப்பட்டன. பார்வையாளர் அவற்றைத் தேடி வரவில்லை. வேறொரு படத்திற்கு வந்தவர்க்கு அவை காட்டப்பட்டன. எனவே அங்கு மக்கள் திரள் இருந்தது. வினா எழுப்பும் அவை இல்லை.

அரசின் எல்லைக்கு வெளியே எடுக்கப்பட்ட படங்கள் 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தை எதிர்கொண்டன. கே.ஏ. அப்பாஸ் எடுத்த 'எ டேல் ஆஃப் ஃபோர் சிட்டீஸ்' என்னும் குறும்படத்திற்குத் தடையற்ற சான்றிதழ் மறுக்கப்பட்டதால் எழுந்த வழக்கில், முன்தணிக்கை அரசமைப்புச் சட்டத்திற்கு உட்பட்டதே என உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்தது. படம் பார்வையாளரை அடையும் வாயிலில் அரசு நிற்கலாம் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

காணொளியும் சிற்றவையும்

காணொளி நாடாவும் அதனைத் தொடர்ந்த டிஜிட்டல் கருவிகளும் இந்நிலையை மாற்றின. கைக்கடக்கமான மினி டி.வி. நாடா ஒன்றில் வழக்கமாக 60 நிமிடம் பதிவு செய்யலாம். இதனால் ஏற்பட்ட மாற்றம் செலவுக் குறைவு மட்டுமன்று. 11 நிமிடத்தில் சுருள் தீரும் என்னும் கவலையின்றி ஒருவரது உழைப்பை அது நிகழும் வேகத்திலேயே உடனிருந்து பதிவு செய்யும் பொறுமை ஆவணப்படத்திற்கு வாய்த்தது.

இப்படங்கள் கொட்டகையை நாடவில்லை. கல்லூரி அறைகள், தொழிற்சங்க அலுவலகங்கள், தெருமுனைகள், திரைப்பட இயக்கங்களின் கூட்டங்கள் ஆகியன அவற்றின் களங்களாயின. மதுரையில் 1998 முதல் நிகழ்ந்துவரும் ஆவணப்பட, குறும்பட விழா இப்போக்கின் தமிழ்ச் சான்றாகும். 2004ஆம் ஆண்டு மும்பைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இந்தியப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கோரப்பட்டபோது, அதனை எதிர்த்த இயக்குநர்கள் 'விகல்ப்' என்னும் மாற்று விழாவை நடத்தியதும் ஈண்டு எண்ணத்தக்கது. இக்களங்களில் படம் முடிந்தபின் விளக்கு எரியும், உரையாடல் தொடங்கும். இயக்குநர் வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டிருந்தார். அவை என்னும் சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவது இச்சிற்றவையே எனலாம்.

'பீ': மௌனத்தை அவையிடம் விடுதல்

'பீ' அரைமணி நேரத்திற்கு உட்பட்ட படம். மதுரையில் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் மனிதக் கழிவை அகற்றும் பெண் பணியாளரின் அன்றாட வேலையை அது பின்தொடர்கிறது. ஒரு தெரு, ஒரு பெண், ஒரு வேலை என்னும் ஒடுக்கமே இப்படத்தின் வலிமை. தலைப்பே இடக்கரடக்கலை மறுக்கிறது. சொல்லக் கூசும் ஒன்றை நாள்தோறும் கையால் தொடுபவர் ஒருவர் இருக்கையில், சொல்லைக் கேட்டுக் கூசுவோரின் நாகரிகம் எத்தகையது என்னும் வினாவைத் தலைப்பே எழுப்பிவிடுகிறது.

ஒருவரை மட்டும் பின்தொடரும் வடிவத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. அவ்வேலையை அவர்மீது சுமத்திய சாதியமைப்பும் நிர்வாகமும் பெரிதும் சட்டகத்திற்கு வெளியே நிற்கின்றன. 1993ஆம் ஆண்டிலேயே மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டிருந்தும் இவ்வேலை நீடிப்பது ஏன் என்பதைப் பார்வையாளரே கேட்டுக்கொள்ள வேண்டும். சிற்றவையில் அக்கேள்வி திரையிடலுக்குப் பின் எழும். தனியே காண்பவரிடமோ அது இரக்கமாகவே அடங்கிவிடவும் கூடும். எனவே 'பீ' தன் பொருளின் ஒரு பகுதியை அவையிடம் ஒப்படைத்த படம் என மதிப்பிடலாம்.

'கக்கூஸ்': அவையை உட்கொள்ளுதல்

'கக்கூஸ்' ஒன்றரை மணி நேரத்தைக் கடந்த படம். தமிழகத்தின் பல ஊர்களைச் சேர்ந்த பணியாளர்களும் கழிவுக்குழிகளில் உயிரிழந்தோரின் உறவினரும் இதில் பேசுகின்றனர். 2013ஆம் ஆண்டின் புதிய தடைச் சட்டமும், 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு இட்ட ஆணையும் நடைமுறையில் இருந்தபோதும் இறப்புகள் தொடர்ந்தமையே இதன் பின்புலம். 'பீ' பார்வையாளரிடம் விட்ட வினாக்களை இப்படம் தானே எழுப்புகிறது. சாட்சியத்தின்மேல் சாட்சியமாக அடுக்கி, இது ஒருவர்க்கு நேர்ந்த அவலமன்று. ஒரு சமூகத்தின்மீது சுமத்தப்பட்ட ஏற்பாடு என நிறுவுகிறது. அவையில் எழவேண்டிய விவாதத்தைப் படம் தன்னுள்ளேயே கொண்டுள்ளது எனலாம்.

இவ்வடுக்குமுறை தரும் ஆற்றலுடன் ஓர் இழப்பும் நேர்கிறது. சாட்சியங்கள் பெருகுந்தோறும் தனிமனிதரின் முகம் நினைவில் மங்குகிறது. 'பீ' காட்டிய அந்த ஒரு பெண்ணைப்போல் இங்கு ஒருவர் மனத்தில் நிலைபெறுதல் அரிது. கலைநோக்கில் இது குறையாயினும், வழக்குரைக்கும் நோக்கில் ஏற்கத்தக்கதே.

இணையம்: தேர்வா, தஞ்சமா?

2005இல் 19 வினாடிக் காணொளி ஒன்றுடன் தொடங்கிய யூடியூப், தொடக்க ஆண்டுகளில் பொதுப் பயனர்க்கு 10 நிமிட வரம்பை விதித்திருந்தது. 2010இல் அவ்வரம்பு தளரத் தொடங்கிய பின்னரே நெடிய ஆவணப்படத்திற்கு அங்கு இடம் கிடைத்தது. 2016இல் ஜியோவின் வருகைக்குப்பின் கைப்பேசி இணையத்தின் விலை வீழ்ந்தமையால் அதனைக் காண்போர் பெருகினர். இவ்வளர்ச்சியே ஆவணப்படத்தை இணையத்திற்கு ஈர்த்தது என்பது பொதுவான கருத்து.

'கக்கூஸ்' படத்தின் வரலாறு இக்கருத்தை முழுமையாக ஏற்கவில்லை. அப்படமும் முதலில் சிற்றவைகளையே நாடியது. பல ஊர்களில் திரையிடலுக்குக் காவல்துறை இசைவு மறுத்த நிலையிலேயே அது யூடியூபில் வெளியிடப்பட்டது. அரங்கின் கதவு மூடப்பட்டதால் இணையம் தஞ்சமாயிற்று. தொழில்நுட்பம் வழியைத் தந்தது. அவ்வழியில் செலுத்தியது அடக்குமுறை. ஊடக வளர்ச்சியைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

இணையம் இரு நன்மைகளைத் தந்தது. முன்தணிக்கை தேவைப்படவில்லை, விழாக்களுக்கு வர இயலாத பணியாளரும் தம்மைப் பற்றிய படத்தைத் தம் கைப்பேசியில் காணும் வாய்ப்பு ஏற்பட்டது. சிற்றவையில் பெரும்பாலும் பேசுபொருளாக மட்டும் இருந்தவர், இங்கு அவையோருள் ஒருவரானார். இம்மாற்றம் எளிதன்று.

எனினும் அவையின் பொறுப்பு இங்கு சிதறியது. படத்தின் ஒரு பகுதி தம் சமூகத்தை இழிவுபடுத்துவதாக எழுந்த முறையீட்டின்பேரில் இயக்குநர்மீது 2017இல் வழக்குப் பதிவாயிற்று. தொலைபேசிவழி வசைகளும் மிரட்டல்களும் அவரைத் தொடர்ந்தன. அரங்கில் வினா எழுப்புவோர்க்கு முகம் உண்டு. முழுப் படத்தையும் கண்டபின் எழும் வினா அது. இணையத்திலோ படத்தைக் காணாதோரும் முகமின்றித் தீர்ப்புரைக்கலாம்.

தணிக்கையும் அடியோடு மறைந்துவிடவில்லை. ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' (1992) தடையற்ற சான்றிதழ் பெற்றதும், நீதிமன்ற ஆணைக்குப்பின் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானதுமான படம். அதன்மீதும் 2019இல் யூடியூப் வயதுக் கட்டுப்பாட்டை விதித்தது. அரசின் மறுப்பை அப்பாஸ் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசெல்ல முடிந்தது. அங்கு காரணங்கள் வெளிப்படையாக வாதிடப்பட்டன. தனியார் தளத்தின் முடிவிற்கு அத்தகைய பொதுமன்றம் எளிதில் வாய்ப்பதில்லை. வாயிற்காவலர் மாறினார், வாயில் நீங்கவில்லை.

முடிவுரை

படச்சுருள் காலத்தில் ஆவணப்படத்திற்குத் திரள் இருந்தது, அவை இல்லை. காணொளிக் காலத்தில் அவை இருந்தது, அது சிறிதாக இருந்தது. இணையக் காலத்தில் எண்ணிக்கை வளர்ந்தது, அவை கலைந்தது. 'பீ' தன் மௌனத்தை நம்பி அவையிடம் விட்டது. 'கக்கூஸ்' கலைந்த அவைக்கும் ஈடுகொடுக்கும் வகையில் விவாதத்தைத் தன்னுள் கொண்டிருந்தது. இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் வளர்ச்சி எனக் கொள்வது பொருந்தாது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலின், இரண்டையும் இணைத்துக் காண்பதே முறை.

2023இல் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்க் குழிகளில் இறப்போர்க்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இழப்பீடு மும்மடங்காகியும் இறப்பு நின்றபாடில்லை. ஒரு படத்தை எத்தனை பேர் கண்டனர் என்னும் கணக்கை இணையத்தளம் தானே காட்டிவிடும். கண்டவருள் எத்தனை பேர் ஒன்றுகூடி வினவினர் என்பதை அக்கணக்கு காட்டாது. அவ்வினவலுக்குரிய அரங்குகளைக் காப்பது, இணையம் வளர்ந்துள்ள இக்காலத்திலும் ஆவணப்பட இயக்கங்களின் நீங்காக் கடமையாகவே உள்ளது.