பூ மழையும் பிட்ரேட்டும்

2023 ஜனவரி 27, பழநி கும்பாபிஷேகம். நெய்க்காரப்பட்டிக்காரங்களுக்குப் பழநி பக்கம்தான்; ஆனாலும் கூட்டத்துக்குப் பயந்து நிறையப் பேர் நேரலையில்தான் பார்த்தோம். ஹெலிகாப்டர் பூத்தூவிய அந்த நேரம் பார்த்து, நான் பார்த்த சேனலில் (பேர் வேண்டாம்) படம் சதுரம் சதுரமா உடைஞ்சது. பூவும் தெரியல, கோபுரச் சிற்பமும் தெரியல.

"நெட் ஸ்லோ" என்றார்கள். அப்படியென்றால் படம் சுற்றும், நிற்கும், இல்லை மங்கலான பிரதிக்கு மாறும். பிறகு அவர்கள் போட்ட பதிவிலும் அதே நொடியில் அதே சதுரங்கள். ஆக, நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கெட்டுவிட்டது.

எச்.264 முறை படத்தை 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கும். இந்தக் கட்டம் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது என்று தேடி, நகர்ந்த தூரத்தையும் மிச்ச வித்தியாசத்தையும் மட்டும் எழுதிக்கொள்ளும். அசையாத கோபுரத்துக்கு இது கிட்டத்தட்ட இலவசம். இதழ்கள் ஆளுக்கொரு திசையில் விழும்போது தேடி ஒன்றும் கிடைக்காது, எல்லாத்தையும் புதுசா எழுதணும். நேரலையில் பிட்ரேட்டுக்கு ஒரு உச்சவரம்பு போட்டிருப்பார்கள். அதைத் தாண்ட முடியாத என்கோடர், நுணுக்கத்தைத் தூக்கி எறிகிறது. எறிந்த இடம்தான் நாம் பார்த்த சதுரம்.

என் குறை பிட்ரேட் மேல் இல்லை. மலைமேல் அன்றைக்கு அத்தனை செல்போனுக்கு நடுவே அப்லோடு வேகம் கிடைத்ததே பெரிசு. குறை, அந்த வேகத்தில் 1080 அனுப்பியதுதான். 720ஐ விட அதில் 2.25 மடங்கு புள்ளிகள். இருக்கிற குழம்பையே இரண்டு மடங்கு இலைக்கு ஊற்றினால் எப்படி? 720இல் அனுப்பியிருந்தால் பூ பூவாகத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். 'ஃபுல் எச்டி' என்று தலைப்பில் போட முடியாது, அவ்வளவுதான்.

பதிவையாவது சரி செய்திருக்கலாம். கேமரா கார்டில் இருக்கிற மூலத்தை எக்ஸ்264இல் சிஆர்எஃப் 18 வைத்துச் சுருக்கி ஏற்றினால் போதும். இயல்பாக இருப்பது 23. எண் 6 குறைந்தால் ஃபைல் ஏறக்குறைய இரட்டிக்கும், நேரலை இல்லாதபோது அதனால் என்ன நஷ்டம்? இவர்களோ நேரலையையே வெட்டி, மறுபடி சுருக்கி, 'சிறப்புத் தொகுப்பு' என்று போட்டார்கள். யூடியூப் தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கியது. வாட்ஸ்அப்பில் சுற்றியது அதற்கும் கீழே. வெல்லம் காய்ச்சுகிற ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: வெல்லத்தைத் தண்ணியில் கரைச்சா பானகம்தான் வரும், கரும்புச்சாறு வராது.

தைப்பூசத் தேரிலும் இதே கதைதான்: கூட்டம், கொடி, காவடி மயிலிறகு, எல்லாம் ஒரே நேரத்தில் அசையும். முந்தின நாளே தெருக் கூட்டத்தை ஐந்து நிமிஷம் சோதனையாக அனுப்பிப் பார்த்து, அதற்கப்புறம் 1080ஆ 720ஆ என்று முடிவு பண்ணட்டும்.